கர்ப்ப காலத்தை வரைந்தும் பேசியும் பகிரும் பெண்கள் கூடுகை: எப்படித் தொடங்குவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரை மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். அண்மையில் எங்கள் ஊர் அங்கன்வாடியில் நடந்த சமுதாய வளைகாப்புக்கு உதவியாகச் சென்றிருந்தேன். கன்னத்தில் சந்தனமும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாகப் பெண்கள் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கலவை சாதம் பரிமாறினார்கள், புகைப்படம் எடுத்தார்கள், குறை சொல்ல ஏதுமில்லை. பந்தியில் என் பக்கத்தில் இருந்த ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் மட்டும், "ராத்திரியானா பயமா இருக்குக்கா, யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல" என்று மெல்லச் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய மாமியார் வந்துவிட்டார், பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

அன்று முதல் ஒரு எண்ணம் இருக்கிறது. ஊர் நூலகத்தின் மேல்மாடி வாரத்தில் ஒரு பிற்பகல் காலியாக இருக்கும். கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று சில பெண்களை அங்கே கூட்டி, தங்கள் கர்ப்ப காலத்தை வரையவும் அதைப் பற்றிப் பேசவும் இடம் அமைத்துத் தரலாம் என்று நினைக்கிறேன். ஓவியப் பயிற்சி கொடுப்பது நோக்கம் அன்று. உடம்பில் நடந்ததையும் மனத்தில் நடந்ததையும் அவரவர் கையாலேயே காகிதத்தில் வைக்க வேண்டும், அதை மற்றவர்கள் கேட்க வேண்டும் என்பதே ஆசை.

எனக்குள்ள ஐயங்கள் இவை. இதுபோல் வேறு எங்காவது செய்திருக்கிறார்களா, செய்தவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? "எனக்கு வரைய வராது" என்று பென்சிலைத் தொடவே கூச்சப்படும் பெண்களிடம் எங்கிருந்து தொடங்குவது? கரு கலைந்தவர்களையும் குழந்தையை இழந்தவர்களையும் கர்ப்பிணிகளோடு ஒரே அறையில் உட்கார வைக்கலாமா? வரைந்தவற்றைப் பின்னர் காட்சிக்கு வைப்பது முறையா? அனுபவமுள்ளவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.


சித்திரசாலை எழுதியது:

வணக்கம் தோழி. ஓவிய வரலாறு படிப்பவள் என்ற முறையில் உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றவற்றுக்குக் களத்தில் இருப்பவர்கள் சொல்வதுதான் பொருத்தம்.

கர்ப்பிணியின் உருவத்துக்குக் கலையில் பஞ்சமே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெளியே நின்று பார்த்தவர்கள் படைத்தவை. நம்முடைய மரபிலும் அப்படித்தான். திருக்கருகாவூரில் கருவைக் காக்கும் அம்பிகை இருக்கிறாள். காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல்போன ஒரு பெண்ணுக்கு இறைவனே தாயாக வந்து பேறு பார்த்த கதை திருச்சி மலைக்கோட்டையில் வழங்குகிறது. பத்து மாதம் சுமந்த வேதனையைப் பாடியவர் யாரென்றால், தாயின் உடலுக்குத் தீ மூட்டும்போது அழுத மகன் பட்டினத்தார். இவை எல்லாமே என் மனத்துக்கு நெருக்கமானவை. ஆயினும் ஒன்றில் கர்ப்பம் தெய்வத்தின் அருளாகிறது, இன்னொன்றில் மகனின் கடனாகிறது. சுமந்தவள் தன் வாயால் சொன்ன சொல்லை இவற்றில் நான் கேட்டதில்லை.

ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. குறுந்தொகையின் 287ஆம் பாட்டு கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண்பாற் புலவருடையது. பன்னிரண்டு மாதம் நிறைசூல் தாங்கித் தளர்ந்து, நடக்க மாட்டாமல், பச்சைப் புளிக்கு ஏங்கும் பெண்களைப் போல, நீரைச் சுமந்த மேகங்கள் வானில் ஏற முடியாமல் குன்றுகளை நோக்கி நகர்கின்றன என்கிறது பாட்டு. பாடலின் பொருள் கார்காலமும் தலைவன் வரவும்தான். என்றாலும் அந்த உவமையில் அழகோ புனிதமோ முன்னே நிற்கவில்லை. கனமும் களைப்பும் நாவின் ஏக்கமும்தான் நிற்கின்றன. உங்கள் முதல் கூடுகையில் இந்தப் பாட்டை வாசித்துப் பொருள் சொல்லிவிட்டு, "உங்களுக்கு எதன் மேல் ஆசை வந்தது?" என்று கேட்டாலே போதும், மசக்கையைப் பற்றிப் பேச்சு தானாக வந்துவிடும்.

மேற்கில், ஜெர்மானிய ஓவியர் பவுலா மோடர்சோன் பெக்கர் 1906இல் பாரிசில் தன்னைத்தானே வரைந்துகொண்ட ஓவியம் ஒன்று உண்டு. இடுப்புக்கு மேல் ஆடையின்றி, ஒரு கை வயிற்றின் மேலும் மற்றொரு கை அதன் கீழுமாகக் கர்ப்பிணியாக நிற்கிறார். வரைந்தபோது அவர் கருவுற்றிருக்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் மகளைப் பெற்றவர் மூன்று வாரத்துக்குள் இரத்தக்கட்டு அடைத்து 31 வயதில் இறந்துபோனார். அமெரிக்க ஓவியர் ஆலிஸ் நீல் 1960களிலும் 70களிலும் கர்ப்பிணிகளை நேரில் உட்காரவைத்து வரைந்தார். 1978இல் அவர் வரைந்த மார்கரெட் எவன்ஸ் இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்தபடி, சின்னஞ்சிறு மஞ்சள் நாற்காலி ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னாலுள்ள கண்ணாடியில் தெரியும் பிம்பமோ அவரைவிட வயதானவரைப் போல இருக்கிறது. அந்தப் பிடியில் உள்ள இறுக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை ஒரு பெண்தான் கவனித்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

இழப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரீடா காலோ 1932இல் டெட்ராய்ட் நகர மருத்துவமனையில் கரு கலைந்து கிடந்த பிறகு, தகரத் தகடு ஒன்றில் சிறிய ஓவியம் தீட்டினார். இரத்தம் தோய்ந்த கட்டிலில் அவர் கிடக்கிறார். கையிலிருந்து ஆறு சிவப்பு நாடாக்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொருள்: சிசு, நத்தை, இடுப்பெலும்பு, ஆர்க்கிட் மலர், ஒரு இயந்திரம், உடற்கூறு காட்டும் உருவம். இதையே பயிற்சியாக்கலாம். நடுவில் தன் உருவத்துக்கு ஒரு கோடு, அதிலிருந்து சில நாடாக்கள், ஒவ்வொரு நாடாவின் முனையிலும் அந்த மாதங்களோடு சேர்ந்து நினைவுக்கு வரும் ஒரு பொருள். வரையத் தெரியாதவர்கள் பொருளின் பெயரை எழுதினாலும் ஆயிற்று.

உங்கள் எண்ணத்துக்கு மிக அருகில் இருப்பது ஜூடி சிகாகோ 1980 முதல் 1985 வரை நடத்திய 'பிறப்புத் திட்டம்'. மேற்கத்தியக் கலையில் பிரசவக் காட்சிகள் ஏறக்குறைய இல்லை என்பதைக் கண்ட அவர், பெண்களிடம் பேறுகால அனுபவங்களைக் கேட்டுத் திரட்டி, அவற்றிலிருந்து வரைவுகள் செய்தார். அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து நாடுகளைச் சேர்ந்த சுமார் 150 பெண்கள் அவற்றைத் தத்தம் வீடுகளில் பூத்தையலாகவும் ஒட்டுத்தையலாகவும் பின்னலாகவும் செய்து முடித்தார்கள். அடுப்பு வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் நடுவே செய்த வேலை அது, தைத்தவர்களின் சொற்களும் படைப்புகளுக்கு அருகிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. மிகப் பெரிய முயற்சிதான். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: அனுபவம் பலருடையது, வரைவு ஒருவருடையது. நீங்கள் ஓவிய ஆசிரியை என்பதால் அழுத்திச் சொல்கிறேன், அவர்கள் கோட்டைத் திருத்தாதீர்கள். கை கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமானால் பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்துப் பெண்களின் சுஜனித் தையல் இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் பிறந்த குழந்தைக்குச் செய்யும் மெத்தை விரிப்பு அது. 1980களின் பிற்பகுதியிலிருந்து புசுரா கிராமத்துப் பெண்கள் அதே தையலில் வரதட்சணை, பெண் கருவை அழிப்பது போன்றவற்றைக் கதைக்காட்சிகளாகத் தைத்து வருகிறார்கள். பிள்ளைக்கான துணியிலேயே பெண்கள் தங்கள் வழக்கை எழுதிவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி.


ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு, கர்ப்பிணிகளைப் பற்றி ஓரளவு தெரியும். நல்ல முயற்சி, அவசியம் செய்யுங்கள்.

எங்கள் பரிசோதனையில் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், வயிற்றின் உயரம் எல்லாம் அட்டையில் ஏறும், பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்) பதிவாகும், இரும்புச்சத்து மாத்திரை கைக்குப் போகும். அந்த மாத்திரையை எத்தனை பேர் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார்கள் என்பது அட்டையில் ஏறாது. வாந்தி வருகிறது, மலம் கறுத்துப் போகிறது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறார் என்ற காரணங்கள் எல்லாம் மரத்தடியில் உட்கார்ந்து பேசும்போதுதான் வெளியே வந்தன. கேள்வி கேட்டால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்பார்கள். கை ஏதாவது வேலையில் இருந்து, கண் எதிராளியைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் வாய் திறக்கும். பூக்கட்டும்போதும் புளி உடைக்கும்போதும் பெண்கள் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் உங்கள் யோசனை பலிக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கர்ப்பிணிகள் கூட்டம் ஒன்றில் காகிதமும் கலர் பென்சிலும் கொடுத்து, வீட்டில் உங்களுக்குப் பிடித்த இடத்தை வரையுங்கள் என்று சொல்லியிருந்தோம். தலைச்சன் பிள்ளைக்காரி ஒருத்தி திண்ணையை வரைந்து, அதைச் சுற்றி எங்கும் மஞ்சள் புள்ளிகளாக வைத்திருந்தாள். மின்மினியா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர், ரெண்டு நாளா கண்ணு முன்னாடி இப்படித்தான் பறக்குது" என்றாள். முகம் லேசாக உப்பியிருந்தது. இரத்த அழுத்தம் பார்த்தால் மிகவும் ஏறியிருந்தது. உடனே 108 வண்டியில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆகவே கூடுகை நடத்துபவர்களுக்குச் சில அறிகுறிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: விடாத தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, முகமும் கைகளும் வீங்குவது, மேல்வயிற்றில் வலி, இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது. படத்திலோ பேச்சிலோ இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய வரைதலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது.

உடல்வரைபடம் என்று ஒரு முறை உண்டு. பெரிய தாளில் ஒருவரைப் படுக்கவைத்து உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பிறகு அவரே அதற்குள் வலியையும் பயத்தையும் மகிழ்ச்சியையும் நிறத்தால் நிரப்புவது. 2002 வாக்கில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பகுதியில் எச்ஐவி தொற்றுடன் வாழும் பெண்களோடு இதைச் செய்து, அவர்களுடைய வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்தார்கள். பயிற்சி ஒன்றில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்குச் செய்வதானால் ஒரு மாற்றம் வேண்டும். மாதம் ஏறிய கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் பெரிய இரத்தக்குழாயை அழுத்தித் தலைசுற்றல் வரும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தோ, சுவரில் தாளை ஒட்டி அதன் முன்னே நிற்கவைத்தோ கோடு போடுங்கள். மேல்மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கட்டு செங்குத்தாக இருந்தால் கீழ்த்தளத்தையே கேட்டு வாங்குங்கள். கழிப்பறை பக்கத்தில் இல்லாத இடம் இதற்கு ஆகாது.

இழப்பைப் பற்றிய கேள்விக்கு என் கருத்து: இழந்தவர்களை ஒதுக்கவே கூடாது, ஆனால் தனி அமர்வு வைக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையைப் பற்றி ஒரு தாய் சொல்லும்போது, எதிரில் எட்டு மாதக் கர்ப்பிணி உட்கார்ந்திருந்தால் இருவருக்குமே துன்பம். சொல்பவள் பாதியில் விழுங்கிக்கொள்வாள், கேட்பவளுக்கு அன்றிரவு தூக்கம் வராது. இழந்தவர்களுக்கு மட்டுமான பிற்பகலில் அவர்கள் தங்கள் குழந்தையின் பெயரைச் சொல்லட்டும். சுடுகாட்டுக்குக்கூடப் போகவிடாமல், பார்க்கக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்ட குழந்தைகளின் தாய்மார்கள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

பெற்ற பின் மனம் சோர்ந்து போனவர்களும் வருவார்கள். பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அறையில் உள்ள யாரும் "அப்படிச் சொல்லாதே" என்று அடக்கக் கூடாது, இதை முதல் நாளே எல்லோரிடமும் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோர்வுக்கு மருத்துவ உதவி வேண்டும், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐ எழுதி ஒட்டி வையுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சோ, பிள்ளைக்குத் தீங்கு நேரும் என்ற அச்சமோ வந்தால் அன்றே, துணையோடு, மருத்துவமனைக்கு.

இன்னும் ஒன்று. ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து வரைய நினைப்பவர்கள் இருப்பார்கள். ஆணா பெண்ணா என்ற பேச்சை விளையாட்டாகக்கூட எடுக்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்கிறது என்பது ஒரு பக்கம். ஏற்கெனவே இரண்டு பெண்பிள்ளைகள் உள்ளவளுக்கு அந்தப் பேச்சே பெரிய வதை.


வாவிக்கரை மகள் எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மாதர் சங்கத்தில் தாய்மார்களோடு துணியில் தைக்கும் வேலையொன்றைச் செய்தோம், அதனால் சில விடயங்களைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் வந்த அம்மாமாரில் பலர் 1990இலும் பிறகு 2006, 2007 காலத்திலும் போரால் இடம்பெயர்ந்தவர்கள். கர்ப்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றபோது அவர்கள் வயிற்றைப் பற்றிப் பேசவே இல்லை, எந்த இடத்தில் இருந்தோம் என்பதைத்தான் சொன்னார்கள். பள்ளிக்கூட மண்டபம், கோயில் வீதி, தறப்பாள் (தார்ப்பாய்) கொட்டில். ஒரு அம்மா தன் துணியில் தறப்பாளை நீல நூலால் மிக நெருக்கமாகத் தைத்து, அதன் கீழே தண்ணீர்க் கானையும் கிளினிக் கொப்பியையும் மட்டும் வைத்தார். ஆளே இல்லை. நீங்கள் எங்கே அம்மா என்று கேட்டதற்கு, கொப்பி நனையாமல் பிடித்திருந்ததுதான் தனக்கு நினைவு என்றார். அந்தக் கொப்பி இருந்தால்தான் அடுத்த முகாமில் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டித் திரிபோஷ என்ற சத்துமா வாங்கலாம், எந்த மாதம் என்று சொல்லலாம். ஆகவே "உங்கள் உடம்பை வரையுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், இடத்தையும் பொருளையும் கேளுங்கள்.

வரைய வராது என்று சொல்பவர்களுக்கு நூலும் ஊசியும் கொடுத்துப் பாருங்கள். பென்சிலைக் கண்டால் பள்ளிக்கூடப் பயம் வந்துவிடும், ஊசியை எல்லோரும் பிடித்திருக்கிறார்கள். எங்களுக்குப் புதுத்துணியைவிட அவரவர் பழைய சேலை நன்றாக உதவியது, சேலையை விரித்தவுடனே அதை எப்போது உடுத்தினேன் என்று கதை தொடங்கிவிடும். தையல் மெதுவாக நடக்கும் என்பதால் பேச்சுக்கும் நேரம் கிடைக்கும், மௌனமாக இருக்க விரும்புபவருக்கும் அது மறைவாக இருக்கும்.

காட்சிக்கு வைப்பதைப் பற்றி: ஒருமுறை சம்மதம் வாங்கினால் போதாது. தைத்து முடித்த அன்று சந்தோஷத்தில் ஓம் என்றவர், வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு வேண்டாம் என்று சொல்லலாம். மகளுக்குக் கலியாணம் பேசும்போது இது வெளியே தெரியக் கூடாது என்று ஒருவர் திருப்பி வாங்கிக்கொண்டார். காரணம் கேட்காமல் கொடுத்துவிட்டோம். கதையும் துணியும் அவர்களுடையவை.


வைகைக்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கீழ்த்தள அறையை நூலகரிடம் கேட்டுவிட்டேன், தருவதாகச் சொல்லியிருக்கிறார். குறுந்தொகைப் பாட்டோடு தொடங்கி, முதல் இரண்டு கூடுகைகளில் நாடாப் படமும் பொருட்களும், பிறகு பழைய சேலையில் தையல் என்று வைத்துக்கொள்கிறேன். இழந்தவர்களுக்குத் தனிப் பிற்பகல். காட்சியை இப்போது திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன், பின்னர் அவர்களாகவே கேட்டால் பேசிக்கொள்ளலாம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். மாமியார்கள் உடன் வருவேன் என்றால் எப்படி மறுப்பது? மருமகளைத் தனியே அனுப்ப மாட்டார்கள். அடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?


ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

மாமியார்களை மறுக்காதீர்கள், வரச் சொல்லுங்கள். அவர்களுக்கென்று பக்கத்து அறையில் ஒரு வட்டம் போடுங்கள். அவர்களும் பெற்றவர்கள்தானே. வீட்டிலேயே மருத்துவச்சி கையால், விளக்கு வெளிச்சத்தில் பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது கேட்டால் மாலை வரை சொல்வார்கள், அதற்குள் மருமகள்கள் தங்கள் அறையில் பேசிவிடுவார்கள். என் அனுபவத்தில், தன் பேறுகாலத்தைப் பற்றி ஒருமுறை வாய்விட்டு அழுத மாமியார் வீட்டுக்குப் போய் மருமகளிடம் நடந்துகொள்ளும் விதமே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

சுகாதார நிலையத்தில் கட்டாயம் சொல்லுங்கள். மருத்துவ அலுவலரையும் உங்கள் பகுதிச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் நேரில் பார்த்து, கலைக் கூடுகை என்று விளக்குங்கள். அவசரத்துக்கு அழைக்க ஒருவருடைய கைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். ஆனால் அவர்கள் யாரையும் அறைக்குள் உட்கார வைக்காதீர்கள், சீருடையைப் பார்த்தால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" தொடங்கிவிடும். கர்ப்பிணிப் பரிசோதனை பெரும்பாலான நிலையங்களில் செவ்வாய்க்கிழமை நடக்கும். அந்த நாளில் காலையிலிருந்து வரிசையில் நின்று களைத்திருப்பார்கள். வியாழன் பிற்பகல், சமையல் முடிந்து பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால் என்று வையுங்கள். வருகிறவர்களுக்குச் சுண்டலும் குடிக்கத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும்.